சிவப்புத் தூசியும் ஒரு ஜோடி கையுறையும்

"டீச்சர், நான் பொய்க்கணக்கு எழுதிட்டேன்னு சொல்றாங்க!"

பழைய மாணவி இப்படிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றால் கணக்கு டீச்சர் என்ன செய்வார்? செருப்பை மாட்டினார். அவருக்கு முன்பே வாசலுக்குப் போய்விட்டார் அவர் கணவர். அறுபது தாண்டியும் தெருவுக்கே அவர் 'மாப்பிள்ளை'தான்.

மாணவி இப்போது இன்ஜினியர். செவ்வாய்க்குப் போகிறவர்கள் மூச்சுவிட வேண்டுமே! அங்குள்ள கரியமில வாயுவிலிருந்து ஆக்சிஜன் பிரிக்க ஓர் இயந்திரம் செய்திருந்தாள். பத்து நாள் சோதனை. கண்ணாடிப் பெட்டிக்குள் செவ்வாயில் இருப்பது போன்ற காற்று, சிவப்புத் தூசி. தூசி வடிகட்டியை அடைக்க அடைக்க ஆக்சிஜன் குறைய வேண்டும். குறையவே இல்லை. சாயங்காலத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் இயந்திரம் ராக்கெட் ஏறாது.

"பெட்டியோட சீல் உடையல. அப்போ நம்பரைத்தான் மாத்தியிருக்காங்க" என்றார், சோதனைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தவர்களிடம், சோதனை அதிகாரி.

"இவர்தான் ஆளு. முழியே சரியில்ல பாரு" என்று மாப்பிள்ளை மனைவியின் காதைக் கடித்தார்.

"சும்மா இருங்க."

வெளியிலிருந்து கைவிட்டு வேலை செய்ய, பெட்டிக்குள் இரண்டு ரப்பர் கையுறைகள் தொங்கின. வலதில் தூசி அப்பிக்கிடந்தது. இடதில் உதிர்ந்திருந்தது.

"சூடா குடிங்கம்மா" என்று, இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் வயதான ஆப்பரேட்டர் இடக்கையால் டீ ஊற்றினார். "பாப்பா இன்னைக்கும் நல்லா ஓடுது" என்று இயந்திரத்தைக் காட்டினார்.

டீச்சர் ஒரு தாளை நீட்டி, அதிகாரியையும் இன்ஜினியரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். இருவரும் வலக்கையால் போட்டார்கள்.

"யாரும் நம்பரை மாத்தல" என்றார் டீச்சர். "நீங்க சீல் மட்டும்தான் பார்த்தீங்க. வடிகட்டியைப் பாருங்க, பளபளன்னு இருக்கு. வலது கையுறை பத்து நாளா அசையல, இடது அசைஞ்சிருக்கு. இங்க இடக்கைக்காரர் ஒருத்தர்தான். தினமும் துடைச்சீங்களாண்ணே?"

ஆப்பரேட்டர் தலைகுனிந்தார். "பாப்பாவுக்கு மூக்கு அடைச்சுக்கிச்சும்மா. பார்த்துக்கிட்டு எப்படி இருக்கறது? முப்பது வருஷத்துல ஒரு மெஷினையும் நான் அழுக்கா விட்டதில்ல."

"அங்க போனா யாருண்ணே துடைப்பாங்க?" இன்ஜினியருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "இன்னும் பத்து நாள் எடுத்துக்கோம்மா. நான் சொன்னதை மனசுல வெச்சுக்காத."

"அப்போ எனக்கும் பத்து நாள் லீவு குடுத்துடும்மா" என்றார் ஆப்பரேட்டர். "இங்க இருந்தா கை சும்மா இருக்காது."

"லீவுல போன் பண்ணி, பாப்பா எப்படி இருக்குன்னு கேட்கக் கூடாது" என்றாள் இன்ஜினியர்.

"அதெப்படிக் கேட்காம இருக்கறது?"