விஞ்சு மேடையில் இரண்டு பின்கள்

“அறுபது வருசமா கப்பு, கப்புன்னு பெருமை பேசுறீங்க. அந்தக் கப்பை உங்க எஸ்டேட்ல எவனாவது கண்ணால பாத்திருக்கானாடா? இருந்தா நாளைக்குச் சாயங்காலம் மேட்சுக்கு முன்னால கொண்டாந்து காட்டுங்க!”

அடுக்குப்பாறை எஸ்டேட் அணியின் கேப்டன் குணாளன் மைதானத்தின் நடுவில் நின்று சவால் விட்டான். குதிரைமெட்டு எஸ்டேட்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோல் கம்பத்தில் சாய்ந்திருந்த ஜெபராணி மட்டும் குனியவில்லை.

“காட்டுறோம். காட்டினதும் இதே இடத்துல நீ மன்னிப்புக் கேக்கணும்!”

ஜெபராணிக்கு இருபத்தாறு வயது. சுற்றுலாப் பயணிகளை ஜீப்பில் ஏற்றி மலையுச்சி காட்டுவது அவள் தொழில். அடுக்குப்பாறையைத் தோற்கடித்து அந்த வெள்ளிக் கோப்பையை வென்று தந்த கோல்கீப்பர் ஞானமுத்து அவளுடைய தாத்தாதான். வென்ற வாரமே கோப்பை காணாமல் போயிற்று. அவர் இறந்த பிறகு, அவருடைய வேதாகமத்துக்குள் ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. பென்சிலில் ஒரு வரைபடம். அதன் கீழே, ‘விஞ்சு மேடை. மட்டக்கல்லுக்கு அடியில். எடுப்பவர் படிக்கவும்.’

விஞ்சு என்பது முன்காலத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு அடிவாரத்துக்கு இறக்கிய நிலையம். வடம் அறுந்து நாற்பது வருஷம் ஆகிறது. போகும் பாதையை மண்சரிவு தின்றுவிட்டது. கடைசி மூன்று மைல் வெறும் பாறை. நடந்து போனால் யானைத்தடத்தைக் கடக்க வேண்டும். ஜீப்பில் போகலாம் என்றால், ஸ்வே பார் விடாது.

முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புத் தண்டு அது. ரோட்டில் வளைவு திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் காப்பாற்றும். பாறையிலோ அதுவே விலங்காகிவிடும். ஒரு சக்கரம் மேலே ஏறினால் இன்னொன்று கீழே இறங்க முடியாமல் அந்தரத்தில் சுற்றும். அதற்காகவே ஜெபராணி, போல்ட்டுக்குப் பதிலாகப் பின் போட்ட இரண்டு இணைப்புகளை வரவழைத்திருந்தாள். பாறை வந்ததும் பின்னை உருவினால் தண்டு விடுபடும். ரோடு வந்ததும் மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

“ரெண்டு மணி நேர வேலைக்கா. எனக்கு இதெல்லாம் ஊதித் தள்ளுற மாதிரி” என்றான் ரூபன். ஐடிஐ முடித்து ஆறு மாதத்துக்கு முன்புதான் பட்டறை போட்டிருந்தான். ‘இந்த மலையில எனக்குத் தெரியாத வண்டியே இல்ல’ என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

சனிக்கிழமை பிற்பகல் வேலை தொடங்கியது. வலது சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினான். இடது பக்கப் பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. வலது பக்கம் துளையும் துளையும் நான்கு விரல் விலகி நின்றன! நெம்பினான். சுத்தியலால் தட்டினான். ஜாக்கியை இறக்கிப் பார்த்தான். பட்டறை முற்றம் மலைச்சரிவில் ஒருக்களித்துக் கிடந்தது. அப்போதும் இரண்டு விரல் இடைவெளி. இணைப்பே தப்பான அளவா? தானே ஏதாவது கெடுத்துவிட்டோமா? யாரையாவது கேட்கலாம். ஆனால் எந்த முகத்தோடு கேட்பது?

“ஆச்சா ரூபா?” ஜெபராணி வாசலில் நின்றாள்.

“ஆச்சுக்கா.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் நம்பிப் போய்விட்டாள். ரூபன் இடது பின்னையும் உருவினான். தண்டைக் கட்டுக்கம்பியால் மேலே தூக்கிக் கட்டினான். இரண்டு பின்களையும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடாதபடி துணியில் சுற்றிப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பினார்கள். ஜெபராணி ஸ்டியரிங்கில், ரூபன் பக்கத்தில், பின்னால் கயிறும் கடப்பாரையும் நாலு பொட்டலம் முறுக்குமாக முபாரக். அவன் ரூபனின் பள்ளித் தோழன். வழியில் பார்த்த டீக்கடை ஒவ்வொன்றிலும், “பின் மாட்டினது யாரு தெரியும்ல? நம்ம மாப்ள!” என்று கூவிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு கூவலுக்கும் பைக்குள்ளிருந்த இரும்பு தொடையில் அழுந்தியது.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவு. ஜீப் திரும்பியது, சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது! முபாரக் முறுக்கோடு சேர்ந்து கதவில் போய் மோதினான். பள்ளத்தின் மூடுபனி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தது. ஜெபராணி பிரேக்கை மிதித்து வண்டியைக் கல்சுவர் ஓரமாக நிறுத்தினாள்.

“என்னடா இது! குடிச்சவன் மாதிரி சாயுது?”

“புது ரப்பருக்கா. செட் ஆகக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.”

“அப்ப சரி. மெதுவாவே போறேன்.”

அவள் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று ரூபனுக்குத் தோன்றியது. ஒரு சந்தேகமும் இல்லாமல், ‘அப்ப சரி’ என்றுவிட்டாள்.

ரோடு முடிந்தது. எதிரே பாறைகள், ஏதோ ஒரு பூதம் பாதி கட்டிவிட்டு மறந்துபோன படிக்கட்டு போல மேகத்துக்குள் ஏறிப் போயின.

“இறங்கு ரூபா. பின்னைக் கழட்டு.”

ரூபன் ஸ்பேனரோடு ஜீப்புக்கு அடியில் ஊர்ந்தான். கழற்ற அங்கே என்ன இருக்கிறது? மல்லாந்து படுத்தபடி தண்டையே பார்த்தான். பிறகு ஸ்பேனரால் அதில் இரண்டு முறை தட்டினான். டக். டக்.

“ஆச்சா?”

“ஆச்சு.”

ஜீப் உறுமிக்கொண்டு ஏறியது. அடடா, என்ன ஏற்றம்! இடது சக்கரம் யானை முதுகு போன்ற பாறையில் தாவியது. வலது சக்கரம் குழிக்குள் இறங்கித் தரையை விடாமல் கவ்வியது. ஓரிடத்தில் ஓடை குறுக்கிட்டது. முபாரக் இடுப்பளவு நீரில் இறங்கி ஆழம் பார்த்து, “வலதுல வா! வலதுல! இடப்பக்கம் மடு இருக்கு!” என்று கத்தினான். இன்னோர் இடத்தில் ஒரு சக்கரம் விளிம்பில் தொங்க, ஜெபராணி பல்லைக் கடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஏற்றினாள். நான்கு சக்கரமும் பல்லியின் கால்களைப் போலப் பாறையோடு ஒட்டியிருந்தன.

“உன் கையத் தங்கத்துல போடணும்டா!” என்று ரூபனின் தோளில் தட்டினாள்.

ரூபன் வெளியே பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண் எரிந்தது. வண்டி நன்றாக ஏறியதற்கு அவன் வேலை செய்தது காரணம் இல்லை. செய்யாமல் விட்டதுதான் காரணம்.

உச்சியில் விஞ்சு மேடை மேகத்துக்குள் கப்பல் தளம் போல நீண்டு கிடந்தது. துருப்பிடித்த பெரிய சக்கரம் ஒன்று வானத்தைப் பார்த்து நின்றது. மேடை முழுக்கக் கருங்கல் பாளம். நூற்றுக்கு மேல் இருக்கும்!

“இதுல எதுங்க மட்டக்கல்லு?” என்று தலையைச் சொறிந்தான் முபாரக். சொன்னவன் தண்ணீர் பாட்டிலைக் கை தவறிக் கொட்டினான். தண்ணீர் சாய்வில் ஓடிற்று. ஜெபராணியின் கண்கள் பளிச்சிட்டன.

“எல்லாக் கல்லுலயும் ஊத்துடா! மட்டமா இருக்குற கல்லுல தண்ணி ஓடாது!”

ஓரத்துக் கற்களையெல்லாம் மரவேர்கள் தூக்கிவிட்டிருந்தன. ஊற்றிய தண்ணீர் எல்லாம் ஓடியது. நடுமேடையில் ஒரே ஒரு கல்லில் மட்டும் எந்தப் பக்கமும் போகாமல் அப்படியே நின்றது. பாசியைச் சுரண்டினார்கள். கொத்தனார் செதுக்கிய கூட்டல் குறி! கடப்பாரையால் நெம்பி, கயிறு கட்டி, ஜீப்பால் இழுத்தார்கள். கல் முனகிக்கொண்டு நகர்ந்தது.

தகரப்பெட்டி. அதற்குள் எண்ணெய்த்துணி. அதற்குள் கறுத்துப்போன வெள்ளிக் கோப்பை!

“இருக்குடா!” முபாரக் குதித்தான். “குணாளா, வாடா இப்ப!”

கோப்பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. ஜெபராணி சத்தமாகவே படிக்கத் தொடங்கினாள். போகப் போகக் குரல் இறங்கியது.

‘கடைசி நிமிடத்தில் பந்து கோட்டைத் தாண்டிவிட்டது. நான் வெளியே இழுத்துவிட்டேன். நடுவர் தூரத்தில் இருந்தார். தாண்டியதா என்று என்னைத்தான் கேட்டார். இல்லை என்றேன். நம்பிவிட்டார். எல்லோரும் என்னைத் தோளில் தூக்கினார்கள். தோளில் இருந்தபோது இறங்கிச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். நாள் ஆக ஆக வாய் வரவில்லை. வீட்டில் இருந்தால் இது என்னையே பார்க்கிறது. ஞானமுத்து.’

ஜெபராணி கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் துருச்சக்கரத்தையே பார்த்தாள்.

“கிளம்புவோம்” என்றாள் கடைசியில். “மழை வர்றதுக்குள்ள வளைவெல்லாம் இறங்கணும். பின் போட்டபடியே அந்தப் பாறையில மெதுவா இறங்கிக்கலாம், ரோட்டுல நிறுத்தி மாட்டுறதுக்கு நேரம் இருக்காது. இங்கயே மாட்ட முடியுமா பாரு ரூபா.”

ரூபன் வண்டிக்கு அடியில் போனான். ஸ்பேனரை ஓங்கினான். இரண்டு தட்டு தட்டினால் போதும். ‘ஆச்சு’ என்று சொல்லிவிடலாம். மூன்றாவது வளைவு கண்முன் வந்தது, இந்த முறை இறக்கத்தில், மழையில். ‘தோளில் இருந்தபோது இறங்கிச் சொல்லியிருக்கலாம்.’ கை இறங்கவில்லை.

“அக்கா” என்றான் அடியிலிருந்தே. அவனுடைய கால்கள் மட்டுந்தான் வெளியே தெரிந்தன. “நான் பின்னை மாட்டலக்கா.”

“மாட்டு, அதுக்குத்தான போயிருக்க.”

“நேத்தே மாட்டல. மாட்ட வரல. பொய் சொல்லிட்டேன். காலையில கேட்ட சத்தம் ஸ்பேனர் சத்தம். வளைவுல சாஞ்சது ரப்பரால இல்ல. என்னால.” துணிப்பொட்டலம் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தது.

ஜெபராணி பொட்டலத்தைப் பிரித்தாள். புத்தம்புதுப் பின்கள் இரண்டு.

“மூணு உசுருடா” என்றாள். கத்தவில்லை. அதனாலேயே அது அதிகமாகச் சுட்டது.

“தெரியும்க்கா.”

“வெளிய வா.”

“மொகத்தக் காட்ட முடியலக்கா.”

“சரி, அங்கயே கெட” என்றாள். பின்களைத் துணியில் திரும்பச் சுற்றும்போது அவள் குரல் கொஞ்சம் தளர்ந்தது. “எங்க தாத்தா சொல்றதுக்கு அறுபது வருசம் ஆச்சு. நீ ஒரே நாள்ல சொல்லிட்ட. அந்த மட்டுக்கும் தேவல.”

ரூபன் கண்களைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தான். பார்த்தவன் கண் இணைப்புகளில் நிலைத்தது. கட்டுக்கம்பியை முறுக்கி அவிழ்த்தான். தண்டு தழைந்தது. இடது துளைக்கு நேராக இடது துளை. வலது துளைக்கு நேராக வலது துளை! ஜீப்பின் முன்சக்கரம் இரண்டும் நடுமேடையில் ஒரே உயரத்தில் நின்றன.

“அக்கா! மட்டம்! ரெண்டு சக்கரமும் ஒரே மட்டத்துல நின்னாத்தான் பின் போகும்! எங்க முற்றம் சரிவு, அதுல ஒத்தை ஜாக்கி வேற. மட்டம் இல்லாததுதான்க்கா தப்பு!”

“மட்டமானது தரை இல்லடா மாப்ள, நீதான்!” என்று முபாரக் அடியில் குனிந்து பல்லைக் காட்டினான்.

ஜெபராணியும் அடியில் ஊர்ந்து வந்தாள். ஒரு பின்னை அவள் போட்டாள், மற்றதை அவன். சொடுக்கு ஒன்று. சொடுக்கு இரண்டு. காலையில் கேட்ட சத்தம் போலவே இல்லை. அவள் டார்ச் அடித்து இரண்டையும் இழுத்துப் பார்த்தாள். பிறகு அவனையே உருவச் சொன்னாள். “பின்னோட பாறையில இறங்குறது வேணாம். பாறை முடியுற எடத்துல பழைய செக்போஸ்ட் சிமெண்டுத் தரை இருக்கு. மட்டமா இருக்கும். அங்க மாட்டுவோம். நேரம் போனாப் போகட்டும்.”

செக்போஸ்ட்டில் மாட்டினார்கள். மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது வளைவு வந்தது. ரூபன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஜீப் தலையைக்கூட ஆட்டாமல் நிமிர்ந்தபடி திரும்பியது.

மைதானத்தில் இரண்டு எஸ்டேட்டும் கூடியிருந்தது. கோப்பையைக் கண்டதும் ஆரவாரம் மலையில் மோதித் திரும்பியது. குதிரைமெட்டு ஆட்கள் ஜெபராணியைத் தூக்க ஓடிவந்தார்கள். அவள் கையை நீட்டித் தடுத்தாள். கடிதத்தை எடுத்துக் கடைசி எழுத்து வரை படித்தாள்.

“மன்னிப்பு நீ கேக்க வேணாம் குணாளா. நாங்கதான் கேக்கணும்.”

குணாளன் முகம் வெளுத்தது. “எங்க தாத்தா சாகுற வரைக்கும் ‘கோலுடா அது, கோலு’ன்னே சொல்லிட்டிருந்தாரு. பெருசுக்குப் புத்தி கலங்கிருச்சுன்னு நாங்க சிரிச்சோம்” என்றான். தலை குனிந்தே இருந்தது. “இன்னைக்கு இந்தக் கப்புக்கே ஆடுவோம்க்கா.”

ஆடினார்கள். அடுக்குப்பாறை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. அதில் ஒரு பந்து கோட்டைத் தாண்டியதா என்று நடுவருக்குத் தெரியவில்லை. குதிரைமெட்டு கோல்கீப்பரே கையைத் தூக்கி, “உள்ள போயிருச்சு சார்!” என்றான். அன்றைக்கு இரண்டு எஸ்டேட்டும் சேர்ந்து தோளில் தூக்கியது தோற்ற அந்த கோல்கீப்பரைத்தான்.

அடுத்த வாரமே ஒரு டிரைவர் தன் ஜீப்பை ரூபனின் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அதே பின், அதே வேலை. சாயங்காலம் வாசலில் நின்று கேட்டார்.

“ஆச்சா தம்பி?”

ரூபன் அடியிலிருந்து வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ்.

“இன்னும் ஆகலண்ணே” என்றான். “வலது பக்கம் ஏதோ இடிக்குது. என்னன்னு எனக்குத் தெரியல.”