பதினோராம் கட்டிலின் நீலச் சேலை

ராஜமேரி மொரப்பூர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்து சேர்ந்தது எழுபத்துமூன்றாம் வருடம், பொங்கல் கழிந்த வாரம். காலை பஸ்ஸில் வந்திறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி நடந்தாள். எந்தக் காலத்திலோ ஒரு துரை குடியிருந்த பங்களா அது. இப்போது அதன் கூடத்தில் பன்னிரண்டு கட்டில்கள். வாசலில் டெட்டால் வாசனை அடித்தது. இரண்டு எட்டு உள்ளே வைத்தால், ஆறிப்போன கஞ்சியின் வாசனை.

வேலை, துணி துவைப்பது. புருஷன் செபாஸ்டின் போய்ச்சேர்ந்த பிறகு களை எடுத்தாள், கல் உடைத்தாள், எதிலும் உடம்பு நிற்காமல் கடைசியில் இதற்கு வந்தாள். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. இடுப்புக்கு மட்டும் அறுபது இருக்கும்.

ஆஸ்பத்திரித் துணியில் ரத்தம்கூடப் போய்விடும். போகாமல் உயிரை எடுப்பது சாப்பாட்டுக் கறைதான். படுத்தபடி சாப்பிடுகிறவர்களின் நெஞ்சில் அது எப்போதும் இருக்கும். குழம்பு பட்ட இடத்தில் எடுத்த எடுப்பில் சோப்புப் போடக் கூடாது, மஞ்சள் ரத்தம்போலச் சிவந்துவிடும். முதலில் கடலை மாவைத் தூவி எண்ணெயை எடுக்க வேண்டும். பிறகு எலுமிச்சைச் சாறு. பிறகு நல்ல வெயில். ராஜமேரிக்கு இதெல்லாம் கைப்பாடம்.

அவளுக்கு ஒரே மகள், ஞானமேரி, பத்தொன்பது வயது. மாசி மாதத்தில் கடத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அருள்சாமிக்குப் பியூன் வேலை. சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதை விட்டால் தவக்காலம் தொடங்கிவிடும், நாற்பது நாள் கல்யாணப் பேச்சு எடுக்க முடியாது. அதற்குள் அவர்கள் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஞானமேரியிடம் கிழியாத சேலை ஒன்றுகூட இல்லை. மகளின் வாழ்க்கை ஒரு சேலைக்காக நின்றது.

அந்த வாரம்தான் பதினோராம் கட்டில் காவேரி செத்துப்போனாள்.

தீர்த்தமலைப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். வயிற்றில் ஏதோ கட்டி. அண்ணன்காரன் கொண்டுவந்து சேர்த்ததோடு சரி. புதன்கிழமை அவன் வருவான் என்று அவளாக நினைத்துக்கொண்டு, மூட்டையிலிருந்த நீலப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அன்று ஊட்டிவிடும் ஆயா லீவு. நர்சம்மா ராஜமேரியைக் கூப்பிட்டு மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுத்தாள்.

காவேரி ஒரு வாய் விழுங்குவதற்குள் மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடித்துவிடலாம். மூன்றாவது வாயிலேயே ராஜமேரிக்குக் கை கடுத்தது. வெளியே இருபது போர்வை ஊறிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் இரு காவேரி. அலசிப் போட்டுட்டு வந்தர்றேன்."

"அக்கா, இன்னொரு வாய் ஊட்டிட்டுப் போங்க. ரொம்பப் பசிக்குதுங்க."

"வந்தர்றேன்னு சொல்றேன்ல."

துவைகல்லருகே சற்றுச் சாய்ந்தாள். அசதியில் அப்படியே கண் அசந்துவிட்டது. எழுந்து ஓடினபோது மணி நாலு. காவேரியின் வாய் திறந்தபடி இருந்தது. தட்டு கவிழ்ந்து, நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிக்காய்க் குழம்பு.

அண்ணன் வரவில்லை. உடம்பை ஒரு போர்வையில் சுற்றிக் கொண்டுபோனார்கள். கேட்க ஆளில்லாத துணியைக் கொல்லைக் குழியில் எரித்துவிடுவது அங்கே வழக்கம். செத்தவர் மேல் கிடந்த துணி இன்னொருவர் மேல் ஏறக் கூடாது என்று குழிக்குத் தீ வைக்கும் மாது அடிக்கடி சொல்வான்.

"சேலையக் குழியில போட்டுட்டீங்களா அக்கா?" என்று மாது கேட்டான்.

"போட்டுட்டேன்" என்றாள் ராஜமேரி.

சேலை அவள் கூடையில், ஈரப் போர்வைகளுக்கு அடியில் இருந்தது.

வியாழக்கிழமை கடலை மாவு தூவினாள். பட்டாயிற்றே என்று சோப்புக்குப் பதிலாகப் பூவந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசினாள், எலுமிச்சை பிழிந்தாள். வீட்டுக் கொல்லையில் பாறைமேல் விரித்துவைத்தாள். சாயங்காலம் கறை சுத்தமாகப் போயிருந்தது. அப்பாடா என்று மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை திறந்து பார்த்தபோது கறை அதே இடத்தில் இருந்தது.

அசதியில் சரியாகப் பார்த்திருக்க மாட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் எல்லாவற்றையும் செய்தாள். இந்த முறை மோரிலும் ஊறவைத்தாள். மாலையில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

சனிக்கிழமை காலை கறை ஈரமாக இருந்தது.

தொட்டுப் பார்த்தாள். சுட்டது. மோந்து பார்த்தாள். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கின கத்தரிக்காய்க் குழம்பின் வாசனை. கறையின் ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது, ஆவி பறக்க.

அவள் வீட்டில் இரண்டு நாளாகக் களியும் மிளகாயும்தான்.

பயத்தில் எல்லாப் பாடமும் மறந்துபோனது. சோப்பை எடுத்துத் தேய்த்தாள். கறை பளிச்சென்று சிவந்தது. பட்டு என்றும் பாராமல் கசக்கிப் பிழிந்து பாறைமேல் எறிந்தாள். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை.

சேலை மட்டும் அசைந்தது.

நெஞ்சுப் பக்கம் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

ஈரத் துணியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாயில் ஒன்றும் இல்லாமல் மெல்லுகிற சத்தம்.

ஓடிவிட வேண்டும் என்றுதான் ராஜமேரி நினைத்தாள். எரித்துவிடலாம், தீப்பெட்டி மடியில்தான் இருந்தது. ஆனால் விடிந்தால் ஞாயிறு. உள்ளே ஞானமேரி பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டை மெழுகிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பாடியே வருஷமாகிவிட்டது. ராஜமேரி பயத்தோடு போராடிப் பார்த்தாள். அதற்கும் அவளிடம் தெம்பு இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு கை சோறு கேட்டு வாங்கி வந்து பாறையருகே உட்கார்ந்தாள்.

"காவேரி, எந்திரிச்சுப் போனது தப்புதான். இந்த ஒரு நாள் விட்டுடு. எம் பொண்ணு காரியம் முடியட்டும். அப்புறம் உனக்கு வயிறு நெறையற வரைக்கும் நானே ஊட்றேன்."

சோற்றை உருட்டிச் சிவந்த கறைமேல் வைத்தாள். கையை எடுக்கும்போது விரல் நுனியில் ஏதோ இளஞ்சூடாக உரசியது, உதடு உரசுவதுபோல. சோற்றுருண்டையைக் காணவில்லை. கறையையும் காணவில்லை.

அது திரும்ப வரவில்லை. ஞாயிறு காலையில் சேலை கடையிலிருந்து வந்த மாதிரி மின்னியது. "ஏதும்மா?" என்று ஞானமேரி கேட்டாள். "ஆஸ்பத்திரி சிஸ்டர் குடுத்தாங்க" என்றாள் ராஜமேரி. சேலை கட்டிக்கொண்டு வந்து நின்ற மகளைப் பார்த்ததும் நாலு நாள் பட்ட பாடெல்லாம் பறந்துபோயிற்று.

அருள்சாமி வீட்டார் ஆறு பேர் வந்தார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டது. அருள்சாமி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பிறகு குனியவே இல்லை. கடன் வாங்கிச் செய்த சோறும் கோழிக்குழம்பும் பரிமாறியாயிற்று.

"பொண்ணையும் எங்ககூட உக்காந்து சாப்புடச் சொல்லுங்க" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

ஞானமேரி இலை முன்னால் உட்கார்ந்தாள். கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"சாப்புடு கண்ணு" என்றாள் ராஜமேரி.

ஞானமேரி தலையைத் திருப்பினாள். பெற்றவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக வாயைத் திறந்தாள்.

"ஊட்டுங்க அக்கா."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"ஞானம், என்னடி பேச்சு இது?"

"நீங்கதானே சொன்னீங்க. ஊட்டுங்க அக்கா. ரொம்பப் பசிக்குதுங்க."

குரல் ஞானமேரியின் குரல் இல்லை. திறந்த வாய் மூடவும் இல்லை. எல்லாரும் பார்த்திருக்க ராஜமேரி ஒரு வாய் ஊட்டினாள். இன்னொரு வாய். கோழிக்குழம்பு தீர்ந்தது, பானைச் சோறு தீர்ந்தது, கடைசியில் கஞ்சித் தண்ணியும் தீர்ந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அதே நிதானம். மாப்பிள்ளை வீட்டார் எப்போது எழுந்து போனார்கள் என்று அவள் கவனிக்கவில்லை. கடிதம் போடுவதாகச் சொல்லிப் போனார்களாம். கடிதம் வரவில்லை.

அன்றைக்கே சேலையை எரித்தாள். சாம்பலைத் தண்டவாளத்துக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினாள். ஆனால் மறுநாள் மத்தியானமும் ஞானமேரி கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா என்றாள். ராத்திரியில் அவள் பழைய ஞானமேரி, அம்மா என்பாள், காலைப் பிடித்துவிடுவாள். பகலில் நடந்தது எதுவும் நினைவிருக்காது. "நான் ஏம்மா இப்படி எளைக்கிறேன்?" என்று ஒருநாள் கேட்டாள். ராஜமேரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஊட்டுகிற சோறு மகளின் உடம்பில் ஒட்டவே இல்லை.

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். மாது யாரிடமோ சொல்லி வேப்பிலை அடித்துப் பார்த்தான். மத்தியானம் ஆனால் வாய் திறந்தது.

பெரிய வெள்ளியன்று அவர்கள் குடியிருந்த கோயில் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை. பகல் முழுக்க ஒருசந்தி உபவாசம். ராஜமேரியும் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. ஆண்டவர் உயிர்விட்ட நேரத்திலாவது காவேரியும் அடங்குவாள் என்று ஒரு நம்பிக்கை. ஞானமேரிக்குத் துவைத்து வெளுத்த வெள்ளைத் தாவணியைக் கட்டிவிட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். மணி மூன்று. எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பக்கத்தில் கத்தரிக்காய்க் குழம்பு வாசனை வந்தது.

ராஜமேரி திரும்பவே பயந்தாள். பிறகு திரும்பினாள். வெள்ளைத் தாவணியின் நெஞ்சில் மஞ்சள் மெல்ல ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஆவி எழுந்தது.

"இன்னும் நெறையலைங்க அக்கா" என்று காதோரம் சொன்னது குரல்.

ராஜமேரி அழவில்லை. சிலுவையைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மண்டியிட்டிருந்தவர்களின் நடுவே நடந்து வெளியே வந்தாள். அன்று மாலை கோயிலிலிருந்து திரும்பியவர்கள், தெருவில் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து மட்டும் அடுப்புப் புகை எழுவதைப் பார்த்தார்கள்.