மெடூசாவுக்குக் கண் திறந்தவள்

அந்த அறையில் பல்லி இல்லை. ஐப்பசி மழைக்கு ஈசல் கிளம்பி விளக்கைச் சுற்றிச் சொரிகிற காலத்தில், அடுப்புப் புகை படிந்த குசினிச் சுவரிலும் கூரை மரத்திலும் பல்லிகள் கொழுத்துத் திரிய, முன்னறை மட்டும் வெறிச்சென்று கிடந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை ஒன்று அங்கே விலகாமல் நின்றது. கமலாசனி அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனால் பல்லிக்காகக் கவலைப்பட அவளுக்கு நேரமேது? மேசையில் இருந்தவளை நினைத்துப் பொருமவே பொழுது சரியாக இருந்தது.

மேசையில் இருந்தவள் ஒரு பிளாஸ்டர் தலை. கொழும்பில் ஓவியம் படிப்பித்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தன்னிடமிருந்த வார்ப்புகளை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கமலாசனியின் கணவன் தில்லைநாதன் பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியார், விடுவானா? வைக்கோல் சுற்றி ரயிலேற்றி, கிளிநொச்சியிலிருந்து மாட்டுவண்டியில் வட்டக்கச்சிக்குக் கொண்டுவந்து இறக்கினான். ஒற்றைக் கால் ஒன்று, கொம்பு முளைத்த கிழவன் ஒருவன், இவள். காலோடும் கிழவனோடும் கமலாசனிக்கு ஒரு வழக்கும் இல்லை.

கல்யாணமான புதிதில் அவன் கமலாசனியைத்தான் வரைந்தான். இப்போது பொழுதுபட்டால் கமலாசனிக்கு அந்தத் தலைக்கு விளக்குப் பிடிக்கிற வேலை.

"லாம்பைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியும். கன்னத்திலை நிழல் விழோணும்."

"ஆற்றை கன்னத்திலை?"

அது அவன் காதில் ஏறவில்லை.

"ஆர் இவள்?" என்று கடைசியில் கேட்டே விட்டாள்.

"மெடூசா. கிரேக்கரின்ரை கதை. ரோமாபுரிச் சிற்பி கல்லிலை செய்தது, இது அதிலை எடுத்த அச்சு. பாரும், தலைமயிருக்குள்ளை பாம்பு. இவள் ஆரைப் பார்க்கிறாளோ அவன் கல்லாய்ப் போவானாம்."

"கண் வெறும் முட்டையாய்க் கிடக்கு. எப்பிடிப் பார்க்கிறது?"

"முந்தி வர்ணத்திலை எழுதியிருப்பினம். அழிஞ்சு போச்சுது."

சொல்லிக்கொண்டே கோழியிறகால் அந்தப் புருவத்துத் தூசியைத் தட்டினான். எவ்வளவு மெதுவாக! போட்டு உடைக்கலாம் என்று கமலாசனிக்குத் தோன்றியது. உடைத்தால் ஒட்டவைத்து இன்னும் கொஞ்சுவான்.

வட்டக்கச்சிக் குடியேற்றத்துப் புதுப் பிள்ளையார் சிலைக்குக் கண் திறந்தபோது அவளும் போயிருந்தாள். திரை மறைவில் திறந்து, முதற்பார்வை மனிதர்மேல் விழாதபடி பசுவையும் கன்றையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதுவரை கல். அதற்குப் பிறகு சாமி. சாமியை மேசையில் வைத்துப் படம் கீற முடியுமா? ஒன்றில் கோயிலில் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் குளத்தில் விடவேண்டும். தில்லைநாதன் தெய்வபயம் உள்ளவன். கண் திறந்தாயிற்று என்று தெரிந்தால் தானே தூக்கிக்கொண்டு போவான். பிறகு அவன் கமலாசனிக்கே. தன் மூளையை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் பின்னேரம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் தன் மைச்சிமிழை எடுத்தாள். மடியில் கிடக்கும் குழந்தைக்குத் தீட்டுவதுபோல, தலைக்குப் பின்னால் நின்று, நெற்றிக்கு மேலாகக் கையை விட்டு, ஈர்க்குச்சியால் தடவித் தடவி இரண்டு கண்மணிகளை வைத்தாள். விரலுக்கடியில் பிளாஸ்டர் சில்லென்றிருந்தது. இரண்டாவது கண்ணை முடிக்கும்போது காய்ச்சல்காரியின் நெற்றிபோலச் சுட்டது. பதறிப்போய்த் துவாயை எடுத்து முகத்தை மூடினாள். மூக்கிருந்த இடத்தில் துவாய் உள்ளே போனது. வெளியே வந்தது. காற்றுத்தான் என்று சொல்லிக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்கு ஓடினாள்.

பசு வந்தது. கன்று வரவில்லை. நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. மழை கொட்டத் தொடங்கியது. கயிற்றோடு மல்லுக்கட்டி அவள் நிமிர்ந்தபோது, வாசற்சுவரில் தில்லைநாதனின் சைக்கிள் சாய்ந்திருந்தது.

"இஞ்சாருங்கோ, துவாயை எடுக்காதேங்கோ."

மழை இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை. குசினி வழியாக ஓடி முன்னறையின் பின்கதவில் நின்றாள். அங்கிருந்து மெடூசாவின் பின்னந்தலைதான் தெரியும். துவாய் தரையில் கிடந்தது. அதற்கு அப்பால், கதிரையில், அவன்.

"வந்திட்டியளே?" என்று கேட்டாள்.

பென்சில் கடதாசியில் ஊன்றியபடி. கோடு இல்லை. தலையிலிருந்து மழைத்தண்ணீர் திறந்த கண்ணுக்குள் வழிந்தது. அவன் இமைக்கவில்லை. கை வெள்ளை. கழுத்து வெள்ளை. வெள்ளை மெல்லக் கன்னத்தில் ஏறியது.

ஆனால் அந்தப் பார்வை. அப்படி ஒரு பார்வையைத் தாலி கட்டிய அன்றுகூட அவன் அவளுக்குத் தந்ததில்லை.

துவாயை எடுத்துப் போடலாம். பக்கத்து வளவு அப்புத்துரையைக் கூப்பிடலாம். கமலாசனி இரண்டையும் செய்யவில்லை. மேசையைச் சுற்றி வந்து, மெடூசாவுக்கு முதுகைக் காட்டி, அவனுக்கு முன்னால் குனிந்தாள்.

"என்னைப் பாருங்கோ."

பார்த்தான். அவன் கண்மணியில் அவளுடைய முகம் சின்னதாகத் தெரிந்தது. பார்க்கிறான். தன்னைத்தான்.

முதுகு சில்லிட்டது. பின்னால், வைக்கோலுக்குள் ஏதோ புரள்வதுபோல ஒரு சத்தம். ஒன்றல்ல, பல.

அவன் கண்ணில் அவள் தோளுக்கு மேலே இன்னொரு முகம். மை தீட்டிய முகம். அது அவனைப் பார்க்கவில்லை, கமலாசனியைப் பார்த்தது.

கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தால் போதும். அவன் கண்ணிலிருந்து அந்த முகத்தை மறைத்துவிடலாம்.

கால் வரவில்லை.