இடது செயினின் பிடிவாதம்

கார்னவால் திருவிழா முடிந்த வியாழக்கிழமை காலையில் ஜல்லிக் குவாரியிலிருந்து அழைப்பு வந்தது. எக்ஸ்கவேட்டர் கிறுக்குப் பிடித்தது போல் இடது பக்கமே ஓடுகிறது, உடனே வா என்றார் இன்ஜினியர் இராஹோலா. காசிமிரா கோல்கே மறுபேச்சு பேசாமல் கிளம்பினாள். சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயின்மேல் ஓடும் வண்டிகளின் வியாதியைக் கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. ஓருரோ நகரச் சுற்றுவட்டாரத்துக் குவாரிகள் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. ஓருரோவில் சொந்தமாக ஒரு வீடும் உண்டு. பெரும்பாலும் அது பூட்டியே கிடக்கும்.

அவளுடைய பிக்கப் வேனை வில்ஃப்ரேடோ ஓட்டினான். நாற்பது வயது உதவியாள். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

"அக்கா, வெள்ளிக்கிழமை நம்ம பிக்கப்புக்குப் படையல் போட்டோமே, செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக்குப் போட்டியா?"

"செவ்வாய்க்கிழமை நான் ரோட்ல இருந்தேன்டா."

"அடப்பாவமே! கார்னவால்னா வேலை செய்ற இடத்துக்கு வெள்ளி, குடியிருக்கிற வீட்டுக்குச் செவ்வாய். அதுதானே வழக்கம்? வீடு கோவிச்சுக்காதா?"

"கோவிச்சுக்க அங்க யாரு இருக்கா?"

வில்ஃப்ரேடோ நாக்கைக் கடித்துக்கொண்டான். அதன் பிறகு குவாரி வரும்வரை வெறும் புல்வெளியும் காற்றும்தான். காசிமிராவுக்கு அந்த வெறுமை பழக்கம்தான், ஆனாலும் அன்றைக்குக் கொஞ்சம் உறுத்தியது.

குவாரி வாசலில் கிழவர் மக்காரியோ துணி மூட்டையோடு நின்றிருந்தார். அங்கே வாட்ச்மேன். காசிமிராவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். இராஹோலா வேகமாக வந்தார்.

"நேத்து சரிவுல இறங்கும்போது வண்டி மயிரிழையில தப்பிச்சுது. முன்னாடி போனா இடது செயின் பின்தங்குது. வெள்ளிக்கிழமை படையல் முடிஞ்சு எல்லாரும் ஊருக்குப் போயிட்டோம். புதன்கிழமைதான் திரும்பினோம். நடுவுல இங்க இருந்தது இந்தக் கிழவன் ஒருத்தன்தான். லீவு குடுக்கலன்னு வயித்தெரிச்சல், ஆயில்ல மண்ணைப் போட்டிருக்கான். இவனை வேலையை விட்டு நிறுத்தியாச்சு. நீங்க திரும்பும்போது உங்க வண்டியிலயே ஏத்திட்டுப் போயிடுங்க."

"எங்க இறக்கிவிடணும்?" என்று மக்காரியோவைக் கேட்டாள் காசிமிரா.

கிழவர் யோசித்தார். "எங்கயாவது இறக்கிவிடு தாயி," என்றார்.

"மோட்டார் போச்சு அக்கா!" என்று எக்ஸ்கவேட்டர் பக்கத்தில் ஸ்பேனரோடு தயாராக நின்றான் வில்ஃப்ரேடோ. "இடது மோட்டாரைக் கழட்டிடலாமா?"

"பொறு. முதல்ல ஃபில்டர்."

ஹைட்ராலிக் ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினாள். மண் இல்லை, இரும்புத் தூள் இல்லை. பிறகு ஆபரேட்டர் நெமேசியோவை ஏறச் சொன்னாள். முன்னால் போனபோது எக்ஸ்கவேட்டர் குடிகாரனைப் போல் இடது பக்கம் சாய்ந்தது. பின்னால் வந்தபோது கோடு போட்டது போல் நேராக வந்தது.

"எப்பவும் இப்படியேவா?"

"காலையில ரொம்ப மோசம் அக்கா," என்றான் நெமேசியோ. "வெயில் ஏறினா கொஞ்சம் அடங்கும். குளிர்ல ஆயில் கெட்டிப்பட்டுப் போகுது, அவ்வளவுதான்."

காசிமிரா கேபினின் படியருகே குனிந்தாள். திங்கட்கிழமை புழுதியோடு பெய்த மழை வண்டி முழுக்க மெல்லிய சேறு பூசியிருந்தது. சேற்றுக்கு அடியில் வெள்ளிக்கிழமைப் படையலன்று தூவிய வண்ணக் காகிதத் துணுக்குகள் சாயம் போய்க் கிடந்தன. படியின் மூலையில் மட்டும், காய்ந்த சேற்றின் மேலேயே சில துணுக்குகள் பளிச்சென்று ஒட்டியிருந்தன. அவற்றைத் தொட்டு முகர்ந்தாள். படையலில் தெளிக்கும் பீரின் வாடை. கேபினுள் ஏறி, காலடிப் பெடல்களோடு இணைந்த இரண்டு செயின் லீவர்களையும் முன்னால் தள்ளிப் பார்த்தாள். இடது லீவர் ஒரு விரல்கடை முன்னதாகவே நின்றுவிட்டது.

"எல்லாரையும் கூப்பிடுங்க, இன்ஜினியர். அவரையும்தான்."

மூட்டையோடு மக்காரியோவும் வந்தார்.

"மண் போட்டிருந்தா ஃபில்டர்ல தெரிஞ்சிருக்கும்," என்று தொடங்கினாள். "அது சுத்தம். பம்ப் கெட்டிருந்தா பின்னாடி வரும்போதும் இழுக்கணும். மோட்டார் தேஞ்சிருந்தாலும் அதேதான். பின்னாடி நேரா வருது."

"அப்போ குளிர்தான்!" என்றான் வில்ஃப்ரேடோ.

"ரெண்டு செயினுக்கும் ஒரே டேங்க் ஆயில்டா. குளிர் இடதுக்கு மட்டும் வருமா? வண்டி ஆயிலை விட்டுடு. வெயில்ல இளகி, குளிர்ல இறுகறது வேற என்ன இருக்கு?"

வில்ஃப்ரேடோ தலையைச் சொறிந்தான்.

"லாமா மிருகத்தோட கொழுப்பு," என்றாள் காசிமிரா. "படையல்ல வைக்கிறோமே, அது. இடது பெடலோட முன்பக்கத்துக்கு அடியில இருக்கு. அதனால பெடல் முழுசா இறங்கல. செயினுக்கு ஆயில் பாதிதான் போகுது."

"வெள்ளிக்கிழமை நாங்க யாரும் கேபினுக்குள்ள எதுவும் வைக்கலையே," என்றார் இராஹோலா.

"வெள்ளிக்கிழமை வச்சதில்ல. படியில போய்ப் பாருங்க. சேத்துக்கு மேல காகிதம் இருக்கு. மழைக்கு அப்புறம், நீங்க வர்றதுக்கு முன்னாடி, யாரோ இந்த வண்டிக்கு ரெண்டாவது தடவை படையல் போட்டிருக்காங்க. செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை எவனாவது எக்ஸ்கவேட்டருக்குப் படையல் போடுவானா? அது வீட்டுக்கு..." என்று சிரிக்கத் தொடங்கிய வில்ஃப்ரேடோ பாதியில் நிறுத்திக்கொண்டான்.

காசிமிரா கேபினின் ரப்பர் விரிப்பைத் தூக்கினாள். நான்கு மூலைகளிலும் கொழுப்பில் பதித்த சர்க்கரை வில்லைகள். வீடு என்றால் நான்கு மூலைக்கும் வைத்தாக வேண்டும். முன் மூலையில் வைத்த ஒன்று மட்டும் நழுவிப் பெடலுக்கு அடியில் போயிருந்தது. அதைக் கத்தியால் நெம்பி எடுத்து இராஹோலாவின் கையில் வைத்தாள். வில்லையின் மேல் சின்னதாக ஒரு வீடு அச்சாகியிருந்தது.

"ஐயோ," என்றார் மக்காரியோ. "நானா கெடுத்தேன்? சத்தியமாத் தெரியாது சார். வருசா வருசம் பொண்டாட்டியும் நானும் சேர்ந்து வைப்போம். அவ போய்ச் சேர்ந்தப்புறம் வாடகை வீட்டையும் விட்டாச்சு. அன்னைக்கு இங்க யாருமே இல்ல. செவ்வாய்க்கிழமையைச் சும்மா விட மனசு வரல. ராத்திரி நான் படுக்கிறது இதுலதான்."

நெமேசியோ ஏறி வண்டியை நகர்த்தினான். இரண்டு செயின்களும் சேர்ந்து உருண்டன, வண்டி நேராகப் போயிற்று. இராஹோலா கையிலிருந்த வில்லையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாட்ச்மேன் குடிசை இருக்குல்ல, பெரியவரே? கூரை ஒழுகுதுன்னா சொல்லியிருக்கலாமே. நாளைக்கே புதுத் தகரம் போடச் சொல்றேன். மூட்டையை உள்ள கொண்டு போங்க."

"குடிசை ஒழுகல சார்," என்றார் மக்காரியோ. "இது... சாயங்காலம் நெமேசியோ எஞ்சினை அணைச்சதும் கொஞ்ச நேரம் டிக் டிக்னு சத்தம் போட்டுக்கிட்டே ஆறும். யாரோ பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும். அது அடங்கறதுக்குள்ள தூங்கிடுவேன்."

"சரி, இதுலயே படுத்துக்கோங்க. பெடல்கிட்ட மட்டும் எதுவும் வைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, இராஹோலா வில்லையை அவரிடமே கொடுத்தார்.

கிளம்பும்போது மக்காரியோ பிக்கப்பின் ஜன்னலருகே வந்து அந்த வில்லையைக் காசிமிராவிடம் நீட்டினார். "உன் வீட்டுல வை தாயி. ரெண்டு நாள் தாமதம்னாலும் பரவாயில்ல."

அவள் வாங்கிக்கொண்டாள். குவாரி கண்ணுக்கு மறைந்த பிறகு வில்ஃப்ரேடோ மெல்லக் கேட்டான்.

"ஓருரோவுக்கு விடட்டுமா அக்கா?"

பூட்டிய கதவையும், உள்ளே இருக்கும் நான்கு மூலைகளையும் காசிமிரா நினைத்துப் பார்த்தாள். பிறகு காலடியிலிருந்த பிக்கப்பின் விரிப்பைத் தூக்கி, தன் பக்கத்து மூலையில் அந்த வில்லையை வைத்து மூடினாள்.

"அடுத்த குவாரிக்குப் போ," என்றாள்.