இன்னும் கொஞ்சம் திருத்தணும்

“என்ட ராத்தாவ நீங்க ஆருக்குக் கட்டிக் குடுத்திரிக்கீங்க எண்டு ஒருக்காப் பாருங்க காக்கா.”

பஸால் கணினியிலிருந்து தலையைத் தூக்கினான். மார்கழி மழை கல்முனைப் பிரதான வீதியை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. அச்சகத்து வாசலில் ஒருத்தி... முக்காட்டு ஓரத்தால் நீர் சொட்ட, மடக்கிய குடையோடு, பொலித்தீனில் சுற்றிய வாழ்த்துமடல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் நனைந்தாலும் கடதாசியை நனையவிடவில்லை. அந்தக் கண்கள்... சரி, கண்களைப் பற்றிப் பிறகு சொல்லலாம். அந்த நேரம் அவை அவனைச் சுட்டெரித்துக்கொண்டிருந்தன.

அந்தப் பக்கத்துக் கலியாணங்கள் வாழ்த்துமடல் இல்லாமல் நடப்பது குறைவு. மாப்பிள்ளை, பெண் பெயர்களைப் பாட்டில் கோத்து, பூப்போட்ட கடதாசியில் அச்சடித்து, சட்டம் போட்டு, சபையில் வாசித்துக் கொடுப்பார்கள். பஸால் அதை எழுதுவதில் சூரன். சூரன் என்றால்... ஒரே பாட்டை வைத்துக்கொண்டு நூறு கலியாணத்துக்குப் பெயரை மட்டும் மாற்றுகிற சூரன்.

“நாளைக்கி எங்கட முனவ்வறா ராத்தாக்குக் கலியாணம். மாப்பிள்ளைட பேர் அர்ஷாத். மூணாவது பாட்டில என்ன கிடக்கு? அஸ்ஹராம். ஆரு அந்த அஸ்ஹர்?”

அஸ்ஹர் போன கிழமை மாப்பிள்ளை. பஸாலுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

“பிழதான்... பத்து நிமிஷத்தில பேர மாத்தித் தாறன்.”

“பேர மாத்தினாலும் இது அஸ்ஹர்ட பொஞ்சாதிக்கு எழுதின பாட்டுத்தானே. நிலா முகமாம்... எங்கட ராத்தாட முகத்தக் கோவம் வந்தாப் பாக்கவே ஏலா.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும்... உதட்டை மடித்து மறைத்துக்கொண்டாள்.

“அப்ப ராத்தா எப்பிடி? சொல்லுங்க, புதுசா எழுதுறன்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. புதிதாக எழுதுவதா? அதுவும் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதா?

அவள் சொல்லிக்கொண்டே போனாள். ராத்தா ஏஎல் படிப்பை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்து தங்கச்சியான இவளைக் கம்பஸுக்குப் படிக்க அனுப்பியது... மாங்காய்க்கு உப்புத்தூள் கூடினால் சண்டை பிடிப்பது... பஸால் பழுதாய்ப்போன கார்ட் ஒன்றின் பின்பக்கத்தில், பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்குப் பயந்தவன் மாதிரி, இடது கையால் மறைத்து மறைத்து எழுதினான்.

“தாங்க பாப்பம்.”

“இன்னும் கொஞ்சம் திருத்தணும்.”

“நாளைக்கி மாப்பிள்ள வந்து வாசல்ல நிக்கக்குள்ள, கொஞ்சம் பொறுங்க, பாட்டத் திருத்திட்டு வாறம் எண்டா சொல்ற?”

கார்டை உருவி எடுத்து வாசித்தாள். வாசிக்க வாசிக்கக் கோபம் வடிந்தது. கண்ணோரத்தில் ஈரம் கட்டியது... அது மழை ஈரமில்லை. கண்களைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னேனே, அது இதுதான். பஸால் அந்தக் கண்களில் விழுந்தது அந்த நிமிடம்தான்.

அவள் பெயர் றுஸ்தா. நற்பிட்டிமுனைக்காரி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கலியாணம் முடிந்து மூன்றாம் நாளே வந்து, “ராத்தா அழுதிட்டா... மாப்பிள்ளையும்தான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு தவணைக்குத் தவணை வினாத்தாள் அடிக்க வந்தாள். வழியில் வேறு அச்சகம் இல்லாமலா? இரண்டாம் தவணையோடு ‘காக்கா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். ஒரு பெண் அதை ஏன் நிறுத்துவாள் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பஸாலுக்கும் விளங்கியது.

ஆனால்... மேசை லாச்சியை இழுத்தால் உள்ளே கெட்டி அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி கிடந்தது. அவள் மழைக்குள் வந்துபோன அன்றே அதில் ஒரு கவிதை தொடங்கியிருந்தான். அதைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், வேறொன்றும் கதைக்கத் தேவையில்லை என்று நினைத்தான். ஆனால் பிழையில்லாமல் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லை வெட்டினான். இன்னொன்றைப் போட்டான். அதையும் வெட்டினான். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது.

“அந்தக் கொப்பில என்ன?” ஒரு நாள் அவளே கேட்டாள்.

“கவித.”

“ஆரப் பத்தி?”

பஸாலின் காது சிவந்ததுதான் பதில். அவள் சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள். “தாங்களன்.”

“இன்னும் கொஞ்சம்...”

“திருத்தணும். தெரியும். நாங்க கணக்கில விடை பிழைச்சாலும் வழிக்குப் புள்ளி போடுவம். வெறுந்தாளுக்குத்தான் முட்ட.”

அப்போதுதான் அவன் அந்தப் பழைய கதையைச் சொன்னான். பதினேழு வயதில், மீலாத் விழாக் கவியரங்கில், மூன்றாவது வரி மறந்து மேடையில் மரம் மாதிரி நின்றது... முன்வரிசையில் யாரோ ஒருவன் கெக்கலித்துச் சிரித்தது... அன்றிலிருந்து தன் பெயரில் ஒரு வரியும் வெளியே விடாதது.

“ஆரு அந்தச் சிரிச்ச ஆள்?”

“ஆரெண்டே தெரியா.”

“ஆரெண்டே தெரியாத ஒருத்தனுக்குப் பயந்து எனக்குக் காட்டாம இரிக்கீங்க.” அவள் குரல் மாறியிருந்தது. நீட்டிய கை இன்னும் மேசை மேலேயே கிடந்தது.

பஸால் கொப்பியை எடுத்தான்... ஒரு கணம் கொடுத்தே விட்டான் போலிருந்தது. ஐந்தாவது வரி ஞாபகம் வந்தது. அது நொண்டுகிற வரி. கொப்பி மறுபடி லாச்சிக்குள் போனது.

“சரி. இனிக் கேக்க மாட்டன்,” என்றாள்.

அவள் கேட்கவே இல்லை. வரவும் இல்லை. அடுத்த தவணை வினாத்தாள் வட்ஸ்அப்பில் வந்தது. எடுத்துப் போக வேறு யாரோ வந்தார்கள். ‘நலமா’ என்று எழுதிப் பார்த்து அழித்துவிட்டு, ‘கிடைத்தது’ என்று மட்டும் அனுப்பினான் அந்த மடையன். அவள்தான் கோபித்துக்கொண்டு போனாள், அவளே வரட்டும் என்று கொஞ்சம் ரோசமும் பிடித்துக்கொண்டது.

ஆடி மாதத்தில் அவள் வந்தாள். கச்சான் காற்று தெருப் புழுதியையெல்லாம் கடைக்குள் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த அஸர் தொழுகை நேரம். முதலாளி மீராசா காக்கா பள்ளிக்குப் போயிருந்தார். றுஸ்தா ஒரு தாளை மேசையில் வைத்தாள்.

“கலியாணக் கார்ட் அடிக்கணும்.”

பெண்: றுஸ்தா. மாப்பிள்ளை: றாஸிக், பாலமுனை. எழுத்துகள் பஸாலின் கண்ணுக்குள் மிதந்தன.

“வாழ்த்துமடல்...?” வேறென்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டான்.

“வேணாம். ராத்தா அடிக்கச் சொன்னா. நான்தான் வேணாமெண்ட.”

அவள் திரும்பி நடந்தாள். லாச்சி இழுபடும் சத்தம் கேட்டு நின்றாள்.

“றுஸ்தா...” அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “முடியல்ல. பிழ நிறையக் கிடக்கு. வாசிக்கிறன்.”

கொப்பியை மேசையில் விரித்தான்.

“மழைக்கு ஒதுங்க வந்தாள் என்றுதான் நினைத்தேன்...
குடையை மடக்கியதும்
மழை முழுவதும் என் பக்கம் வந்தது...”

மூன்றாவது வரியில் தடக்கினான். நிற்கவில்லை. ஐந்தாவது வரியில் ஒரே இடத்துக்கு நாலு சொற்கள் எழுதி நாலையும் பாதி வெட்டியிருந்தான். எதை வாசிப்பது என்று தெரியாமல் நாலையும் வாசித்தான். முடிவு எழுதியிருக்கவில்லை. அதனால் தாளைப் பார்க்காமல் சொன்னான்.

“எனக்கு உங்கள விருப்பம்.”

காற்றில் கார்ட் மாதிரிகள் படபடத்தன.

“எப்ப எழுதின?”

“நீங்க முதல் வந்திட்டுப் போன அண்டைக்கே.”

“அண்டைக்கே...” அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “எனக்கும் விருப்பமாத்தான் இருந்திச்சி. மாப்பிள்ள வீட்டால கேட்டு வந்தப்ப வாப்பா என்னட்டக் கேட்டார், மகள், மனசில ஆரும் இரிக்காங்களா எண்டு. நான் என்னத்தச் சொல்ற? ஒருத்தர் இரிக்கார் வாப்பா, ஒரு கொப்பி வெச்சிருக்கார், இன்னும் முடிக்கல்ல எண்டா?”

பஸால் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

“இனி ஏலாதா?”

“றாஸிக் எனக்கொரு கடிதம் எழுதினார். வாழ்க்கையில கடிதமே எழுதாத மனிசன். ஒரு பக்கத்தில இருவது எழுத்துப்பிழ. வெட்டிக் கிறுக்கி... ஆனா அனுப்பிட்டார். அத வாசிச்சிட்டுத்தான் நான் ஓமெண்ட.” முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றினாள். “உங்கட கவித நல்லா இரிக்கி. அந்த நாலு சொல்லுல எதப் போட்டிருந்தாலும் எனக்கு நல்லாத்தான் இருந்திருக்கும்.”

அவள் போனாள். நற்பிட்டிமுனைப் பக்கம் போகும் ஓட்டோ ஒன்று அவளை ஏற்றிக்கொண்டது. பஸால் ஓடிப் பின்னால் போகவில்லை. ஓட வேண்டிய நாளில் அவன் சொற்களை வெட்டிக்கொண்டிருந்தான், இனி எங்கே ஓடுவது?

கணினியின் முன் உட்கார்ந்து அவளுடைய கார்டைத் தட்டத் தொடங்கினான். மணமகள் பெயரை ஒருமுறை, மணமகன் பெயரை மூன்றுமுறை சரிபார்த்தான். மீராசா காக்கா பள்ளியால் வந்து, தொப்பியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே, “என்னடா தம்பி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்றார்.

“காக்கா... நான் எழுதின கவித ஒண்டு கிடக்கு. முடிவில்ல, பிழயும் கிடக்கு. வாசிக்கட்டா?”

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பஸால் முதல் வரியிலிருந்து வாசித்தான். மூன்றாவது வரியில் இந்த முறையும் தடக்கினான்.

“ஆருக்கடா எழுதின?”

பஸால் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினான்.