கோபத்துக்கு இரண்டு

திங்கள், காலை 10.40. ஆம்பூரில் அந்தப் பள்ளியின் அலுவலக அறையில் கமலம் உறையைப் பிரித்தாள். உள்ளே பதினான்கு தாள்கள். தலைமையாசிரியை ஆரோக்கியமேரிக்குப் பதினான்கு ஆசிரியர்கள் பெயர் எழுதாமல் போட்ட மதிப்பெண்கள். ஐந்துதான் உச்சம் என்று வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் கமலமே மூன்று தடவை சொல்லியிருந்தாள். தாள்களிலோ வரிசையாக ஒன்று, ஒன்று, ஒன்று.

மூன்று மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. சராசரி மூன்றுக்குக் கீழே போனால் மேரியின் பதவி போய்விடும்.

நிர்வாகத்தின் மதிப்பீட்டு அதிகாரியான கமலத்துக்குச் சந்தேகம் தட்டியது. பதினான்கு வாத்தியார்கள் டீக்கு எவ்வளவு சர்க்கரை என்பதில்கூட ஒத்துப் போகமாட்டார்கள். இங்கே எல்லாம் ஒரே பேனா, ஒரே கை. உறையின் ஓரத்திலும் பசை இரண்டாம் முறை தடவியிருந்தது. யாரோ தாள்களை மாற்றியிருக்கிறார்கள்.

11.15. துணைத் தலைமையாசிரியர் ஜெயப்பிரகாஷ் எதிரில் உட்கார்ந்தார்.

"உறைய வெச்சிருந்த பீரோ சாவி யார்கிட்ட?"

"எங்கிட்ட ஒண்ணு. ஆபீஸ் ஆணியில ஒண்ணு தொங்கும்."

"எழுதாத தாள்கள்?"

"அதுவும் அந்த பீரோலதான்."

"மேரி போய்ட்டா அந்த நாற்காலி உங்களுக்கு."

"அதுக்காக இன்னா மேடம், திருடுவனா? அவங்க கோபம் எனக்கு ஆகாது. பசங்க முன்னாடியே கத்துவாங்க, ஊருக்கே தெரியும். மத்தபடி நான் நாலும் அஞ்சும்தான் போட்டேன்."

கமலம் அவரை நம்பவில்லை.

11.50. அட்டெண்டர் துரைசாமி டீ கொண்டுவந்தார். தோல் கம்பெனியில் இருபது வருஷம் தோலைத் தரம் பிரித்தவர். கம்பெனி மூடியபோது மேரிதான் கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

"சாவிய யாராச்சும் எடுத்தாங்களா?"

"பாக்கலம்மா. மேரி அம்மாவுக்கு நல்லபடியாத்தானே வந்திருக்கு?"

கமலம் டீயை வாங்கி ஓரமாக வைத்தாள்.

12.30. தாள்களை மேஜையில் பரப்பி மறுபடி பார்த்தாள். ஏழாவது கேள்வி, கோபத்தை அடக்கும் தன்மை. அதற்கு மட்டும் பதினான்கு தாளிலும் இரண்டு. அவள் டீயை ஆறவிட்டு அந்த இரண்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2.20. மேரி, ஜெயப்பிரகாஷ், துரைசாமி மூவரையும் வரச்சொன்னாள். மேரியின் முகம் சிவந்திருந்தது.

"இத எழுதுனவர் மேரிக்கு எதிரி இல்ல," என்றாள் கமலம். "ஊரே குறை சொல்ற கோபத்துக்கு மட்டும் ஒரு மார்க் கூட. எந்த எதிரி அப்படிப் போடுவான்? போட்டவருக்கு ஒண்ணுதான் ஒசத்தி, ரெண்டு அதுக்குக் கீழ. அஞ்சுதான் ஒசத்தின்னு தாள்ல அச்சடிக்காதது என் தப்பு. கூட்டத்துல வாயால சொன்னேன். அங்க இல்லாத ஒருத்தருக்கு அது தெரியாது. துரைசாமி, தோல்ல ஒண்ணாம் நம்பர்னா இன்னா?"

"நல்ல சரக்கும்மா. கீறல், ஓட்டை எதுவும் இருக்காது."

"அஞ்சு?"

"ரிஜெக்டு." அவர் குரல் உள்ளே போயிற்று. "பிரிச்சுப் பாத்தேம்மா. அஞ்சு, நாலுன்னே இருந்துச்சு. கோபத்துக்கு மட்டும் ரெண்டு போட்டுக் கிண்டல் வேற பண்ணிருக்காங்கன்னு வயிறு எரிஞ்சுது. அம்மா இல்லன்னா என் குடும்பம் ஏது? அதான் வேற எழுதி வெச்சேன்."

"எல்லாத்துக்கும் ஒண்ணு போட்ட நீங்க, கோபத்துக்கு ஏன் போடல?" என்றாள் கமலம்.

"அதுல பொய் சொல்ல முடியாதேம்மா."

சாப்பாட்டுப் பையிலிருந்து பழைய தாள்களை எடுத்து வைத்தார். வாத்தியார்கள் எழுதியதைக் கிழிக்க அவருக்கு மனம் வரவில்லையாம். கமலம் கூட்டிப் பார்த்தாள். சராசரி நான்குக்கு மேல். ஜெயப்பிரகாஷிடம் மன்னிப்புக் கேட்டாள்.

மேரி விருட்டென்று எழுந்தார். கத்த வாய் திறந்தவரின் கண்ணில் மேலே கிடந்த பழைய தாளின் ஏழாவது வரி பட்டது. பக்கத்தில் துரைசாமி எழுதிய தாளிலும் அதே இரண்டு. ஐந்தை உச்சமாக எண்ணினாலும் ஒன்றை உச்சமாக எண்ணினாலும் அவருக்குக் கோபத்தில்தான் குறை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"மூணு மணிக்கு எங்கூட வாங்க துரைசாமி. நடந்தத நீங்களே சொல்லுங்க. உங்கள வேலைக்கு வெச்சவ நான், பக்கத்துல நிக்கிறேன்."

அந்தப் பள்ளியில் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.