காலியான அலைவரிசை

செல்பேசியில் பாட்டை நிறுத்திய பிறகும் காரின் ஒலிபெருக்கியில் ஒரு பெண் சிரித்தாள்.

மழை பிடித்துக்கொண்ட மாலை. லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த அவன், கையைவிட்டுப் போகாத கிரீஸ் வாடையோடு, சிக்னலில் நின்ற கார்களின் சிவப்பு வெளிச்சம் கண்ணாடியில் கரைந்து வழிவதைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டான். எந்தப் பேச்சிலும் ஒரு கேள்வியை மாட்டி இழுப்பவன் என்பதால் வேலையிடத்தில் அவனுக்குக் 'கொக்கி' என்று பெயர்.

மறுபடியும் சிரிப்பு. அது அவன் மனைவியின் சிரிப்பு.

கார் பழையது. அதன் ஸ்டீரியோவில் கேசட் போடலாம், ரேடியோ கேட்கலாம். செல்பேசியின் ஒயரைச் செருக வழியில்லை. அவனுக்குப் பாட்டென்றால் உயிர் என்று மனைவிதான் ஒரு சின்னக் கருவி வாங்கி வந்தாள். சிகரெட் பற்றவைக்கும் துளையில் அதைச் செருகி, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் ரேடியோ முள்ளை நிறுத்தினால் செல்பேசியின் பாட்டு அதில் வரும். வேறொருவன் என்றால் மனம் குளிர்ந்திருப்பான்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டான் இவன்.

"கடைக்காரர்தாங்க" என்றாள், முகம் வாடி.

மறுநாளே கடைக்குப் போய் விசாரித்தான். கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஏண்ணே, வீட்டுல ஆசையா வாங்கிக் குடுத்ததுக்குச் சாட்சி வேற கேப்பீங்களா? நல்லாக் கேளுங்க, போங்க. இது காருக்குள்ள மட்டுந்தான் எட்டும். கொஞ்சம் தள்ளிப் போனா வெறும் இரைச்சல்."

சந்தேகம் குடியேறிய வீட்டில் சாமிக்கு ஏற்றிய விளக்குகூட வேவு பார்ப்பதாகத்தான் தெரியும்.

இப்போது ஓர் ஆண்குரல் கேட்டது. எங்கோ கேட்டுப் பழகிய குரல். "ஏ வாயாடி, கால் வலிக்குதா? இப்படி நீட்டு, பிடிச்சு விடறேன்."

வாயாடி. கல்யாணமான புதிதில் அவன் வைத்த செல்லப்பெயர். வேறெவருக்கும் தெரியாது. கடைசியாக அவன் எப்போது அப்படிக் கூப்பிட்டான் என்பது அவனுக்கே நினைவில்லை. பின்னால் நிற்கும் ஏதோ காரில்தான் இருக்கிறார்கள். அந்தக் கள்ளனும் இதே கருவியை, இதே காலி இடத்தில் வைத்திருக்கிறான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

வண்டியை ஒடித்து ஒரு சந்துக்குள் விட்டான். பின்னால் யாரும் வரவில்லை. இருபுறமும் ஈரச் சுவர்கள். குரல் கொஞ்சமும் மங்கவில்லை.

இவ்வளவு தெளிவாகக் கேட்டால், பேசுகிறவன் காருக்குள்தான் இருக்க வேண்டும்.

மெல்லக் கண்ணாடியைப் பார்த்தான். பின்னிருக்கை. வெறும் இருக்கை.

கருவியைப் பிடுங்கினான். உள்ளங்கையில் அது வெதுவெதுப்பாக, பிடித்த கோழிக்குஞ்சு போல் இருந்தது.

"சாப்பிட்டியா?" என்றது குரல்.

"நீங்க வராம எப்படிங்க?" என்றாள் அவள்.

ரேடியோவை அணைத்தான். சாவியைத் திருகி எடுத்தான். என்ஜின் அடங்கியது. மழைச் சத்தம். அதற்கு மேல், அவர்கள் பேச்சு.

செல்பேசியை எடுத்து மனைவியை அழைத்தான். ஒலிபெருக்கிக்குள் அவள் செல்பேசி மணி அடித்தது.

"யாரும்மா?"

"தெரியலீங்க. பேர் வரல."

"எடுத்துப் பேசு. யாருக்கு என்ன அவசரமோ."

இவனாக இருந்தால் செல்பேசியைப் பிடுங்கிப் பார்த்திருப்பான்.

"ஹலோ, யாருங்க?" என்றாள் காதோரம்.

"நான்தான்டி! யாரவன் வீட்டுல?"

"என்னங்க, யாரோ ஒருத்தர் கத்துறாரு." இணைப்பு அறுந்தது.

அதன்பின் எப்படி ஓட்டினான் என்று அவனுக்குத் தெரியாது. வீட்டு வாசல். கூடத்தில் மஞ்சள் வெளிச்சம். குடைகூட இல்லாமல் இறங்கி ஓடி ஜன்னலில் முகத்தை வைத்தான்.

அவள் பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இத்தனை அழகாக அவளை அவன் பார்த்து வருடங்களாகியிருந்தன. அவள் பாதத்தை மடியில் வைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவனுக்கு முதுகு மட்டுமே தெரிந்தது. அந்தச் சட்டை இவனுடையது. கண்ணாடியை ஓங்கித் தட்டினான். கதவுக்கு ஓடிச் சாவியைப் பூட்டில் நுழைக்கப் பார்த்தான். நுழையவில்லை. மறுபடி ஜன்னலுக்கு வந்தான்.

அவள் நிமிர்ந்தாள். அவனை நேராகப் பார்த்தாள். வழிப்போக்கனைப் பார்க்கும் கண்.

"என்னங்க, யாரோ மழையில நிக்கிறாரு, பாவம். குடையாவது குடுத்துட்டு வாங்களேன்."

காலடிச் சத்தம்.

தாழ்ப்பாள்.

கதவு திறந்தது. குடையை நீட்டியபடி நின்றது அவனேதான். அதே மூக்கு, அதே நரைத்த மீசை, புருவத்தில் அதே வெட்டு. அந்த முகத்தில் மட்டும் சந்தேகத்தின் ஒரு சுருக்கம்கூட இல்லை. அது அவனைப் பார்த்து இரக்கத்தோடு புன்னகைத்தது.

"நல்லா நனைஞ்சிட்டீங்களே. உங்க வீடு எந்தப் பக்கம்?"